ஜெரோமுக்கு ஆகாதது

தனக்கு ஆகாதது எது என்று ஒரு மனிதனுக்கு எப்படித் தெரிகிறது? உடம்பு சொல்லிவிடும் என்பார்கள். சொல்லத்தான் செய்கிறது. ஆனால் உடம்புக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அதையே திரும்பத் திரும்பச் சொல்லும்; எதைப் பற்றிச் சொல்கிறது என்று மட்டும் சொல்லாது. கோயமுத்தூரை ஒட்டிய துடியலூரில் மோட்டார் பழுது பார்க்கும் ஜெரோமின் உடம்பு இரண்டு வருடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் இடுப்பில் பெல்ட் அழுத்தும் இடத்தில் வந்தது. கொசு கடித்ததுபோல ஒரு தடிப்பு. சொறிந்தார். அது உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. தொடையில் ஒன்று, தோளில் ஒன்று, காதுமடலில் ஒன்று. மறுநாள் காலை தோல் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மூன்றாம் நாள் மறுபடி வந்தது. டாக்டரிடம் போகும் நேரத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. கடைசியில் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டார். கல்யாண ஆல்பம் காட்டுவதுபோல் போகிற இடத்திலெல்லாம் அதைக் காட்ட வேண்டியிருந்தது.

ஊரில் இதற்குப் பெயர் உண்டு. காணாக்கடி. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்று பொருள். அக்கா மயிலாத்தாள் அவரைக் காரமடைப் பக்கம் மந்திரிக்கிறவரிடம் அழைத்துப் போனாள். மூன்று செவ்வாய்க்கிழமை வேப்பிலை அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் எண்ணெய் பூசினார். ஜெரோம் இரண்டுக்கும் போனார், இரண்டையும் குறை சொல்லவில்லை. தடிப்பும் இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

அப்புறம் சாப்பாட்டின் மேல் பழி விழுந்தது. கத்தரிக்காய் அரிப்பு என்று யாரோ சொன்னார்கள்; கத்தரிக்காய் நின்றது. கருவாடு சூடு என்றார்கள், கருவாடு நின்றது. முட்டை, நிலக்கடலை, மாட்டுக்கறி, தக்காளி என்று ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போயின. மனைவி கிருபா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். ஒரு துணியில் நூல் எங்கே விட்டிருக்கிறது என்று பார்த்த உடனே சொல்லிவிடுவாள். ஆனால் இந்தத் தோலில் நூல் எங்கே விட்டது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வாரத்தில் ஐந்து நாள் பாசிப்பருப்பும் சுரைக்காயும் சமைத்தாள். ஒருநாள் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏனுங்க, இனி நிறுத்தறதுக்கு சோறு ஒண்ணுதான் பாக்கி. அதையும் நிறுத்திப்போட்டா எனக்கு வேலை மிச்சம்."

ஜெரோம் சிரித்தார். சிரித்தபடியே முழங்கையைச் சொறிந்தார்.

அரிப்பை அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பயம் வேறொன்றில் இருந்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை அரிப்பை அடக்கும். கூடவே ஆளையும் அடக்கிவிடும். நரசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் முன்னாலேயே நின்றவாக்கில் கண்ணசந்துவிட்டார். பியூஸைப் பிடுங்கவில்லை. திருப்புளி கையில் இருந்தது. உடன் வந்திருந்த ரிஃபத் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்ததால் வீடு வந்து சேர்ந்தார்.

ரிஃபத்தும் அவரும் சேர்ந்துதான் கடை நடத்துகிறார்கள். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுவதில் ரிஃபத் கெட்டிக்காரர். கடையை விட்டு அதிகம் வெளியே போகமாட்டார். தோட்டம் தோட்டமாகப் போவது ஜெரோமின் வேலை. தடாகம், தொண்டாமுத்தூர், நரசிபுரம் என்று மலையடிவாரம் முழுக்க இருபத்திரண்டு வருடமாகப் போய் வருகிறார். ஆழ்துளைக் கிணற்றுக்குள் அறுநூறு எழுநூறு அடி ஆழத்தில் ஓடும் மோட்டாரை யாரும் பார்க்க முடியாது. மேலே வரும் பைப்பில் உள்ளங்கையை வைத்து, அது துடிக்கும் விதத்தைக் கொண்டு கீழே பேரிங் போயிருக்கிறதா, மணல் ஏறியிருக்கிறதா என்று அவர் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அவர் படிப்பு பத்தாவதோடு நின்றது. அந்த உள்ளங்கைதான் அவருடைய சொத்து, அதிலேயே இப்போது தடிப்பு வந்தது.

நரசிபுரத்துக்கு அடுத்த வாரம் ரிஃபத் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார். கொஞ்ச நாள் ஜெரோம் கடையில் உட்கார்ந்துகொள்ளட்டும், வெளிவேலைக்கு ஒரு ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஜெரோமுக்கு அது கேட்டது வேறு மாதிரி. வெளிவேலை இல்லையென்றால் அந்தக் கடையில் தனக்கு ஒரு ஸ்டூல் உண்டு, வேலை கிடையாது என்று அவருக்குத் தெரியும். மழைக்காலம் வரைக்கும் பார்க்கலாம் என்று தவணை கேட்டார்.

மழை அவருக்கு நல்லது செய்யும். ஆனி, ஆடியில் மலையடிவாரத்தில் சாரல் பிடித்துக்கொண்டால் தோட்டங்களில் மோட்டார் ஓடாது, கூப்பிடவும் மாட்டார்கள். அந்த நாட்களில் தடிப்பும் வராது. மாசி, பங்குனி, சித்திரையில் ஒரு நாளைக்கு நாலு தோட்டம்; தடிப்பும் கொத்துக் கொத்தாக வரும். ஊரே சேர்ந்து தீர்ப்புச் சொன்னது: உடம்புச் சூடு. இளநீர் குடிக்கச் சொன்னார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார்கள். தோட்டத்து வீடுகளில், பாவம் வெயிலில் வந்திருக்கிறார் என்று குளிர்ந்ததாக எதையாவது கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சூடு என்பதை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள், அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டராக இருந்த சைதன்யா. இளம்பெண், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். வியர்வையால் வருகிற தடிப்பு பொடிப்பொடியாக இருக்கும், உங்களுடையது அப்படி இல்லை என்றார். தூக்கம் வராத மாத்திரையை எழுதித் தந்தார். இந்த நோய்க்குப் பாதிப் பேருக்கு மேல் காரணமே கண்டுபிடிக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஜெரோமுக்கு அந்த ஒரு வாக்கியத்தால் அவர்மேல் நம்பிக்கை வந்தது. அதுவரை பார்த்த எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது.

"ஒரு நோட்டு போடுங்க. தினமும் சாப்பிடறது எல்லாத்தையும் எழுதுங்க. எப்போ தடிப்பு வருதோ அதையும் பக்கத்துலயே எழுதுங்க" என்றார் டாக்டர்.

ஜெரோம் சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று வாங்கினார். வேலையில் எப்படியோ அப்படித்தான் இதிலும். காலை இட்லி மூன்று, கொத்தமல்லிச் சட்னி. பதினொரு மணி ஒன்றுமில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸ், தயிர் சோறு, மாவடு இரண்டு. மாலை நாலரை, கழுத்தில் தடிப்பு, இடது கையில் தடிப்பு. இரவு ராகிக்களி, கீரை. ஒரு நாள் விடாமல் எழுதினார். மாவடுவின் எண்ணிக்கைகூட இருந்தது. மூன்று மாத நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். எந்தச் சாப்பாட்டுக்கும் எந்தத் தடிப்புக்கும் முடிச்சுப் போட முடியவில்லை. இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. புது மாத்திரையும் அரையளவுதான் கேட்டது.

இப்படியே இரண்டாவது பங்குனி வந்தது. அந்த வருடம் தவக்காலமும் நோன்பு மாதமும் ஒன்றாக வந்திருந்தன. ஜெரோம் வீட்டில் கறி மீன் இல்லை. ரிஃபத் பகலில் தண்ணீர்கூடத் தொடுவதில்லை. தொண்டாமுத்தூரில் லட்சுமணசாமி என்பவரின் தென்னந்தோப்பில் எழுநூறு அடியில் மோட்டார் சிக்கிக்கொண்டதாகக் கூப்பிட்டார்கள். தனியாள் வேலை இல்லை என்பதால் ரிஃபத்தும் போனார். முக்காலி நட்டு, செயின் புல்லி கட்டி, ஒவ்வொரு பைப்பாக மேலே இழுத்துக் கழற்றி, மோட்டாரை வெளியே எடுக்கும்போது மணி மூன்று. பொழுது சாய்ந்தால் அந்தத் தடத்தில் யானை இறங்கும் என்பதால் அவசர அவசரமாகச் சாமான்களைக் கட்டினார்கள்.

லட்சுமணசாமியின் மனைவி ஒரு தட்டில் இரண்டு கலர் பாட்டில் கொண்டுவந்தார். அந்தப் பக்கம் கலர் என்றால் குளிர்பானம். கண்ணாடிப் பாட்டில் காலம் போய் இப்போது பத்து ரூபாய் பிளாஸ்டிக் பாட்டில், குடித்துவிட்டு எறிந்துவிடலாம். இது ஆரஞ்சு நிறம். மூடியைத் திறந்தே கொண்டுவந்திருந்தார்.

"நான் நோன்புங்க" என்றார் ரிஃபத்.

"அய்யோ, தெரியாமத் தொறந்துபோட்டனே" என்று அந்த அம்மாள் சங்கடப்பட்டார்.

திறந்த பாட்டிலை அப்படியே விட்டுவிட்டு வருவது எப்படி? கொடுத்த கை என்ன நினைக்கும்? ஜெரோம் தன்னுடையதைக் குடித்தார். பிறகு ரிஃபத்துடையதையும் எடுத்துக் குடித்தார். அம்மாளின் முகம் தெளிந்தது. லட்சுமணசாமி, "நல்ல கூட்டாளிய்யா, பங்குல பாதிய உடமாட்டீங்கறாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

திரும்பும் வழியில் வடவள்ளிகூடத் தாண்டவில்லை. வண்டியை ரிஃபத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஜெரோம் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்தது, உதடு தடித்தது. கீழுதடு தன் உதடு மாதிரியே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார், நாக்கு புரளவில்லை. ரிஃபத் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வண்டியை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலில் கொண்டுபோய்த்தான் நிறுத்தினார். ஊசி போட்டார்கள், முகமூடி வைத்துக் காற்று கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு சீராகி, உதடு பழைய உதடாக வற்றத் தொடங்கியது. விஷயம் கேட்டு டாக்டர் சைதன்யா கீழே இறங்கி வந்தார்.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

ஜெரோம் சட்டைப் பையைக் காட்டினார். டாக்டர் நோட்டை எடுத்துப் படித்தார். காலை உப்புமா. மத்தியானம் தயிர் சோறு.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

"ரெண்டு கலர் குடிச்சாருங்க மேடம்" என்றார் ரிஃபத். "எம் பங்கையும் சேர்த்து."

டாக்டர் நோட்டின் பழைய பக்கங்களைத் திருப்பினார். மெதுவாகத் திருப்பினார். "இதுல ஒரு நாள்கூட கலர்னு எழுதலையே."

"அது சாப்பாடு இல்லீங்களே" என்றார் ஜெரோம். தடித்த உதட்டால் சொன்னது குழந்தை பேசுவதுபோல் இருந்தது. "அது அவங்க குடுக்கறதுங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை குடிப்பீங்க?"

"எத்தனை தோட்டமோ அத்தனையுங்க."

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மாவடுவை எண்ணி எழுதிய மனிதர் இதை ஏன் எழுதவில்லை? மறைக்கவில்லை, மறக்கவும் இல்லை. அது வாய்க்குள் போகும் பொருள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கும்பிட்டால் பதிலுக்குக் கும்பிடுகிறோம், அதை யாராவது நோட்டில் எழுதுவார்களா? அந்தப் பாட்டில் அவர் கணக்கில் அப்படிப்பட்டது.

ஜெரோமின் அப்பா அங்கப்பன். ஞானஸ்நானத்தில் வேறு பெயர் இருந்தாலும் வயற்காட்டில் அவர் அங்கப்பன்தான். இதே தொண்டாமுத்தூர்த் தோட்டங்களில் தண்ணீர் கட்டினார், தேங்காய் உரித்தார். தாகமெடுத்தால் குனிந்து இரண்டு கையையும் குவித்துப் பிடிப்பார், மேலிருந்து ஊற்றுவார்கள். மகன் கையில் திருப்புளியோடு அதே தோட்டங்களுக்குப் போனபோது கை குவிக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டிக்கடைக்கு ஆளனுப்பிக் கலர் வாங்கிவரச் சொன்னார்கள். அன்று அங்கப்பன் வீட்டில் அது பெரிய பேச்சாக இருந்தது. நம்ம பையனுக்குக் கலர் வாங்கிக் குடுக்கறாங்க என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள்.

அதே தோட்டத்துக்கு உரக்கடைக்காரர் வருவார், வங்கிக்காரர் வருவார். அவர்களுக்கு உள்ளேயிருந்து டம்ளரில் காப்பி வரும். ஜெரோமுக்குப் பாட்டில் வரும். அவர் அதைக் கவனித்தது எந்த வருடம் என்று சொல்ல முடியாது. கவனித்தார். பாட்டிலைக் குடித்தார். வெளியில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது மரியாதையா, வேலியா என்று கொடுத்தவர்களைக் கேட்டால் அவர்களுக்கே தெரிந்திருக்காது. இரண்டும் ஒரே பாட்டிலில் அடைபட்டு வரக்கூடும். மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதில் பாதி அப்படிக் கலந்து வருவதுதான். வாங்குகிறவனுக்குப் பிரித்தெடுக்க நேரமும் கிடையாது. வெயில், தாகம், அடுத்த தோட்டம்.

டாக்டர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. சாயமாக இருக்கலாம், கெடாமல் இருக்கச் சேர்க்கும் உப்பாக இருக்கலாம், இவை எல்லாருக்கும் இப்படிச் செய்வதில்லை, இருபது வருடம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் செய்யத் தொடங்கவும் கூடும், உங்களுக்குச் செய்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார். மூன்று வாரம் கலர் கூடாது, பாக்கெட்டில் வருவது எதுவும் கூடாது, சாயம் போட்ட பண்டம் கூடாது. பிறகு நிறுத்திய காய்கறிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

மூன்று வாரமும், அதற்கப்புறம் டாக்டர் விடும்வரையும் ரிஃபத் வெளியே போனார், ஜெரோம் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் நாலு நாள் தடிப்பு வந்தது. ஐந்தாம் நாள் கணுக்காலில் ஒன்றே ஒன்று. ஆறாம் நாள் இல்லை. ஏழாம் நாளும் இல்லை. அவர் நம்பவில்லை, மாத்திரை வேலை செய்கிறது என்றார். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார். அப்போதும் இல்லை. ஒருநாள் விடியற்காலை விழித்தவர் ஏதோ குறைவதுபோல் உணர்ந்து படுத்திருந்தார். என்ன குறைகிறது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு வருடமாக, எழுந்ததும் முதலில் கையைத் தடவிப் பார்ப்பார். இன்று தடவாமல் விட்டிருந்தார்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை கிருபா கம்பெனிக்கு லீவு சொன்னாள். உக்கடத்துக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தாள். கத்தரிக்காயும் முட்டையும் முந்தைய வாரங்களிலேயே ஒன்றும் செய்யாமல் தேறிவிட்டிருந்தன. மண்சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொதித்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, "டாக்டர் உட்டுட்டாரா?" என்று கேட்டார்கள். ஜெரோம் இரண்டாம் முறை சோறு வாங்கினார். மூன்றாம் முறையும் வாங்கினார். கை கழுவியபின் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்க, அவள் துணி செக்கிங் செய்வதுபோல் தோள், முதுகு, விலா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள்.  கழற்றிய சட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். "ரெண்டு வருசமா அந்தக் கத்தரிக்காய ஊட்டுக்குள்ள உடாம வெச்சிருந்தனே, அது என்ன பாவம் பண்ணுச்சு?"

ஜெரோம் சத்தமாகச் சிரித்தார். சொறியாமல் சிரித்தார்.

சந்தேகத்துக்கு மிச்சம் வைக்காமல், அடுத்த மாதம் ஒரு ஞானஸ்நான விருந்தில் அவரையறியாமல் ஒரு கரண்டி கேசரி உள்ளே போயிற்று. செக்கச் செவேலென்ற கேசரி. மாலைக்குள் முதுகில் மூன்று தடிப்பு எழும்பி இரவுக்குள் அடங்கியது. டாக்டர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டதுபோல் இருந்தது. இனி விட வேண்டியது அந்தச் சாயந்தான், மற்றபடி நீங்கள் நல்ல ஆரோக்கியம் என்றார்.

எளிய விஷயம். சோற்றை விடச் சொல்லவில்லை, வேலையை விடச் சொல்லவில்லை. தோட்டத்தில் கொடுப்பதைக் குடிக்காமல் இருந்தால் போதும். ஆனால் அங்கேதான் இருந்தது சங்கடம். கடையில் ஸ்டூலில் இருந்தவரை யாரும் எதுவும் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை முதல் திரும்ப வெளியே போக வேண்டும். பாட்டிலை வேண்டாம் என்று சொன்னால் கொடுத்தவர் என்ன செய்வார்? வேறென்ன வேணும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதில் உள்ளே அடுக்களையில், அலமாரியில், கவிழ்த்து வைத்த டம்ளர்களுக்கு நடுவில் இருந்தது.

எல்லாரும் அவருக்கு வழி சொன்னார்கள். "சக்கரைன்னு சொல்லிப்போடுங்கண்ணா" என்றார் ரிஃபத். கோயமுத்தூரில் அதைவிட மதிப்பான வியாதி இல்லை. சொன்னால் எதிரில் இருப்பவரும் தனக்கு எத்தனை இருக்கிறது என்று சொல்லத் தொடங்கிவிடுவார், பாட்டில் பேச்சு மறந்துபோகும். கிருபா பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி வைத்தாள். டாக்டர் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள். அது பொய்கூட இல்லை. ஜெரோம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை கிளம்பும்போது அந்தத் தண்ணீர் பாட்டில் சமையல் மேடையிலேயே இருந்தது.

முதல் அழைப்பு லட்சுமணசாமி தோட்டத்திலிருந்தே வந்திருந்தது. புது மோட்டாரில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறதாம். ரிஃபத்தும் கூட வந்தார். ஜெரோம் பைப்பில் கை வைத்தார். கை சுத்தமாக இருந்தது, மோட்டார் சொன்னது முழுதாகக் கேட்டது. வால்வு பாதி அடைத்திருக்கிறது என்றார். அப்படியே இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அம்மாள் தட்டில் இரண்டு ஆரஞ்சு பாட்டிலோடு வந்தார்.

"கலர் வேண்டாமுங்க" என்றார் ஜெரோம். "குடிக்கத் தண்ணி குடுங்க."

தட்டு நடுவில் நின்றது. லட்சுமணசாமி தென்னைமரத்து நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்காரர், யாரிடமும் முகம் கோணப் பேசாதவர்.

"ஏங் கண்ணு, சக்கரை கிக்கரை வந்திருச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"ஒடம்புக்குச் சேரலியா? சேரலீன்னாச் சொல்லு, மோர் கீர் பாக்கெட்டு வாங்கியாரச் சொல்றேன்."

தப்பிக்கக் கதவு அகலத் திறந்திருந்தது. தலையை ஒருமுறை ஆட்டினால் போதும், எல்லாரும் அதன் வழியாகச் சுளுவாக வெளியேறிவிடலாம். ரிஃபத் ஜெரோமின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குதுங்க. தண்ணி போதுமுங்க."

 லட்சுமணசாமி தரையைப் பார்த்தார். அம்மாள் கணவரைப் பார்த்தார், அவர் நிமிரவில்லை. அம்மாள் தட்டோடு உள்ளே போனார். கொஞ்சம் தாமதமாயிற்று. திரும்பி வந்தபோது ஒரு கையில் சொம்பும் ஒரு கையில் எவர்சில்வர் டம்ளரும் இருந்தன. ஜெரோம் வாங்கி, வீட்டில் குடிப்பதுபோல் வாய் வைத்துக் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டு அதையும் குடித்தார். அம்மாள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதை அங்கே என்ன செய்தார் என்று ஜெரோம் பார்க்கவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடந்தது என்று சொல்வதற்கில்லை. சில வீடுகளில் காகிதக் கப்பில் தண்ணீர் வந்தது. சில வீடுகளில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில், மூடி பிரிக்காமல். இரண்டு தோட்டங்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டன. காரணம் அதுதானா என்று தெரியாது. பல வீடுகளில் டம்ளர் வந்தது. யாரும் மாறிவிட்டார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஜெரோமின் தோல் மட்டும் அதற்கப்புறம் சுத்தமாக இருக்கிறது. வெளிவேலை அவரிடமே இருக்கிறது. கிருபா வாரத்தில் இரண்டு நாள் கத்தரிக்காய் வாங்குகிறாள்.

அந்தத் திங்கட்கிழமை திரும்பி வரும் வழியில் ரிஃபத் கேட்டார். "ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னண்ணா? நிசந்தானே? அவியளுக்கும் லேசு, உங்களுக்கும் லேசு."

செயின் புல்லிக்குக் கிரீஸ் வைத்து ரொம்ப நாளாகிவிட்டது என்றார் ஜெரோம்.

கிருபாவும் ஒருமுறை கேட்டாள். அவர் குழம்பு ஊற்றச் சொன்னார். இன்றுவரை, எந்தத் தோட்டத்திலும், யார் எத்தனை முறை விசாரித்தாலும், தனக்கு ஒரு நோய் இருக்கிறது என்று அவர் சொன்னதில்லை. தண்ணீர் வேண்டும் என்று மட்டும் கேட்கிறார்.